திறந்தாலே போதும் என்றொரு மின்னஞ்சல்

நீங்கள் எல்லோரும் என்னைவிட அதிகம் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள். மென்பொருளில் ஒரு ஓட்டையைக் காட்டினால் அதை அடைக்க உங்களுக்குப் பல வழிகள் தெரியும். அந்தப் பேச்சுக்கு நான் போகவில்லை. நான் பார்த்த ஒரே ஒரு வேலை நாளைப் பற்றிச் சொல்கிறேன். அன்று கணினி முன்னால் செய்தது கொஞ்சம்தான். தொலைபேசியில் பேசியதும், பேச மறுத்ததும்தான் அதிகம்.

எங்கள் அலுவலகம் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. உலாவியில் திறந்து படிக்கிற மின்னஞ்சல் மென்பொருளை நாங்களே எழுதி, நாங்களே நடத்தி வந்தோம். அரிசி ஆலைகள், விதைக்கடைகள், சின்ன மருத்துவமனைகள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் என்று டெல்டா முழுக்க வாடிக்கையாளர்கள். நிறுவனத்தைத் தொடங்கியவர் பிரகாஷ். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஒற்றை அறையில் ஆரம்பித்த நாளிலிருந்து நான் கூட இருந்ததால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். மென்பொருளை எழுதுவது ரியாஸின் பொறுப்பு. அது நிற்காமல் ஓடுவது என் பொறுப்பு.

அன்று சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள். அது எங்களுக்கும் பெரிய நாள். ஏனென்றால் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல் என்று உழவர்கள் கொடுக்கிற காகிதமெல்லாம் அந்த உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு எங்கள் மின்னஞ்சலில்தான் வந்து சேரும். பதிவு ஏற்கப்பட்டது என்ற ஒப்புகையும் அதில்தான் வரும். வருடத்தில் வேறு எந்த நாள் நின்றாலும் திட்டுவார்கள். இந்த நாளில் நின்றால் சாபம் விடுவார்கள்.

பிரகாஷ் ஊரில் இல்லை. மாமனாருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். விடியும் முன்பே குடும்பத்தோடு வேன் ஏறிவிட்டார்.

காலையில் நான் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வரவேற்பில் இருந்த பெண் ஓடி வந்தாள். "மேடம், ஒருத்தவங்க வந்திருக்காங்க. நம்ம மெயில்ல ஓட்டை இருக்குன்னு சொல்றாங்க. போகச் சொன்னா போகமாட்டேங்கிறாங்க."

வெளியே வந்து பார்த்தேன். முப்பதுக்குள் வயதிருக்கும். சுடிதார், தோளில் மடிக்கணினிப் பை, கையில் தலைக்கவசம். ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"என் பேரு இளவரசிங்க. பெங்களூர்ல செக்யூரிட்டி டெஸ்டிங்லதான் வேலை பாக்குறேன். போன வாரமே உங்களுக்கு எழுதினேன். இதான் நீங்க அனுப்புன பதில்."

கைபேசியை நீட்டினாள். எங்கள் நிறுவனத்தின் பெயரில் போயிருந்த பதில் அது. எங்கள் கணினிகளுக்குள் அத்துமீறி நுழைந்ததாகவும், மேற்கொண்டு தொடர்புகொண்டால் சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுக்கப்படும் என்றும் இருந்தது. கீழே பிரகாஷின் பெயர். நான் அதை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

"இதப் பாத்துட்டும் நேர்ல வந்திருக்கீங்களே?"

"வேற என்ன பண்றதுங்க? எங்கப்பா குத்தகை நெலத்துல நட்டிருக்காரு. அவரு ஆதாரு, பாஸ்புக்கு எல்லாம் உங்க மெயில்லதான் கெடக்கு. போலீஸ்ல கொடுக்குறதுன்னா கொடுத்துக்குங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவ நான் சொல்றதப் பாத்துடுங்க."

பிறகுதான் உட்கார்ந்தாள்.

விஷயம் இதுதான். அப்பாவோடு காப்பீட்டு வேலையாக ஒரத்தநாட்டு உற்பத்தியாளர் நிறுவனத்துக்குப் போயிருக்கிறாள். அதை நடத்தும் குணசேகரன் அவள் கண்முன்னே ஒரு மின்னஞ்சலைத் திறந்திருக்கிறார். காப்பீடு சம்பந்தமான சுற்றறிக்கை மாதிரி இருந்ததாம். திறந்ததும் திரை ஒரு கணம் துடித்து, மின்னஞ்சலின் செட்டிங்ஸ் பக்கம் மின்னலாய் வந்து மறைந்தது. குணசேகரன் கவனிக்கவில்லை. இவளுக்குத் தொழிலே அது என்பதால் மனசு கேட்கவில்லை. அவரிடம் சொல்லி, தன் பெயரில் ஒரு கணக்கு வாங்கிக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து சோதித்திருக்கிறாள்.

"என் அக்கவுண்ட்லதான் பாத்தேன். வேற யாருதையும் தொடல. யாரும் பயன்படுத்தாத காலி அக்கவுண்ட் ஒண்ணு இருந்தா சொல்லுங்க. அதுக்கு ஒரு மெயில் அனுப்புறேன்."

ரியாஸைக் கூப்பிட்டேன். புதிதாக ஒரு கணக்கு உருவாக்கினோம். அவள் அனுப்பினாள். மஞ்சள் எழுத்தில் ஒரு வாழ்த்து, அவ்வளவுதான். ரியாஸ் திறந்தார். திரையின் நடுவில் சின்னப் பெட்டி ஒன்று வந்தது. அதற்குள் அந்தக் கணக்கின் பெயர். எந்த இணைப்பையும் தொடவில்லை, எதையும் பதிவிறக்கவில்லை. திறந்தோம், அவ்வளவுதான்.

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு நான் இதை இப்படித்தான் விளக்குவேன். உங்கள் வீட்டுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வருகிறது. நீங்கள் உறையைப் பிரித்ததும் உள்ளே ஒளிந்திருந்த ஆள் உங்கள் குரலிலேயே வீட்டில் உள்ளவர்களுக்கு உத்தரவு போட ஆரம்பிக்கிறான். வீட்டில் உள்ளவர்களும் நீங்கள்தான் பேசுகிறீர்கள் என்று நம்பிச் செய்கிறார்கள். அவனுக்குச் சாவி வேண்டாம், பூட்டு உடைக்க வேண்டாம். மின்னஞ்சலில் வரும் வண்ணங்களுக்கும் படங்களுக்கும் நடுவே கட்டளை ஒன்றைச் செருகி அனுப்பினால், அதைப் பிரித்து எறிய வேண்டியது எங்கள் மென்பொருளின் வேலை. பெரும்பாலானதை அது எறிந்துவிடும். இவள் எழுதியதை எறியவில்லை.

ரியாஸின் முகம் வெளுத்துவிட்டது. "நான்தான் மேடம் அந்த வடிகட்டிய எழுதினேன்" என்றார்.

"அத அப்புறம் பேசுவோம் ரியாஸ். குணசேகரன் அக்கவுண்ட்ட எடுங்க. மெயில வேற முகவரிக்குத் திருப்பி விட்டிருக்கான்னு மட்டும் பாருங்க."

பார்த்தோம். வரும் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் ஒரு நகல் யாருக்கும் தெரியாத முகவரி ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. மற்ற வாடிக்கையாளர்களையும் தேடினோம். கும்பகோணத்தில் ஒரு ஆலை, மன்னார்குடியில் ஒரு விதைக்கடை, இன்னும் சில உற்பத்தியாளர் நிறுவனங்கள். எல்லாவற்றிலும் அதே முகவரி. கடவுச்சொல்லை மாற்றினாலும் அப்படி நகல் போவது நிற்காது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதிதாக இரண்டு கணக்குகள் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. யாரோ இரண்டு பேர் அப்போதுதான் அந்தச் சுற்றறிக்கையைத் திறந்திருக்கிறார்கள்.

திருக்கடையூருக்குப் போன் போட்டேன். நாதஸ்வரமும் மேளமும் காதைப் பிளந்தன. பிரகாஷ் பிராகாரத்தில் எங்கோ ஒதுங்கி வந்து பேசினார். சுருக்கமாகச் சொன்னேன்.

"அக்கா, அந்தப் பொண்ணு அங்கேயா இருக்கு? அவங்களே பண்ணிட்டு, அவங்களே வந்து சொல்றாங்கக்கா. விடாதீங்க. போலீசுக்குச் சொல்லுங்க."

"பிரகாஷ், பண்ணுனவங்க பேரு, ஊரு, போன் நம்பர் எல்லாம் கொடுத்துட்டு நம்ம ஆபீஸ்ல வந்து உக்காரமாட்டாங்க. அப்படியே அவங்கதான்னு வெச்சுக்குங்க. யாரு பண்ணாங்கன்னு நாளைக்குத் தேடலாம். இப்ப மெயில் வெளிய போய்க்கிட்டிருக்கு. மொதல்ல அத நிறுத்தணும்."

"நிறுத்துறதுன்னா? இன்னைக்குச் சர்வர நிறுத்தப் போறீங்களா? இன்சூரன்ஸ் கடைசி நாளு அக்கா. நாளைக்கு நம்மகிட்ட புதுசா சேர இருக்கிற ஆஸ்பத்திரிக்காரங்க வேற நம்ம சிஸ்டத்தப் பாக்க வர்றாங்க. ஒண்ணும் தொடாதீங்க. நான் வந்துடுறேன்." மேளம் உயர்ந்தது. "கலசத் தண்ணி ஊத்தக் கூப்பிடுறாங்க" என்று வைத்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. சேவையை நிறுத்தினால் டெல்டாவில் எத்தனையோ பேரின் பயிர் காப்பீடு இல்லாமல் நிற்கும். வெள்ளம் வந்தால் அவர்கள் கதி என்ன? நிறுத்தாவிட்டால் அதே ஆட்களின் ஆதாரும் பாஸ்புக்கும் யாரென்றே தெரியாதவனுக்குப் போய்க்கொண்டே இருக்கும். "ஒண்ணும் தொடாதீங்க" என்று சொல்வது நடுநிலையாகத் தோன்றும். அந்த நேரத்தில் அதுவும் ஒரு முடிவுதான், திருடனுக்குச் சாதகமான முடிவு.

மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். ரியாஸ் சொன்னார்: "அவங்க எழுதியிருக்கிற மாதிரி எங்க வந்தாலும் தடுத்துடுறேன் மேடம். அரை மணி நேர வேலை."

"அது மட்டும் போதாதுங்க" என்றாள் இளவரசி. மடிக்கணினியைத் திருப்பி, எழுத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதி, சோதனைக் கணக்குக்கு இன்னொன்று அனுப்பினாள். அதே பெட்டி. இன்னொரு விதமாக எழுதினாள். மறுபடியும் அதே பெட்டி. ரியாஸுக்குக் கோபம் வந்தது. எனக்கே அது தெரிந்தது. தான் கட்டிய வீட்டின் சுவரை அந்நியர் ஒருவர் விரலால் குத்திக் குத்திக் காட்டினால் யாருக்குத்தான் வராது? ஆனால் கோபத்தை அடக்கிக்கொண்டு அவள் திரையைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். நல்ல ஆள் என்று நான் அவரை முழுசாக நம்பியது அந்தக் கணத்தில்தான்.

"வண்ணம், படம், இணைப்பு எதுவுமே வேண்டாம்னு வெச்சா?" என்று கேட்டேன். "மெயில்ல இருக்கிற வார்த்தை மட்டும் தெரியட்டும். அட்டாச்மெண்ட் டவுன்லோடு ஆகட்டும். மத்த எல்லாத்தையும் தூக்கிடுவோம்."

ரியாஸ் யோசித்தார். "முடியும். பாக்கக் கண்றாவியா இருக்கும் மேடம். போன் வந்து குமியும்."

"வரட்டும்."

"அனுப்புறவங்க பேரு வர்ற எடத்தையும் பாருங்க" என்றாள் இளவரசி. "அட்டாச்மெண்ட் ஃபைல் பேரையும். அதுலயும் எழுதலாம்." ரியாஸ் தேடினார். கோப்பின் பெயர் காட்டுகிற இடமும் திறந்துதான் கிடந்தது. அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "நன்றிங்க" என்றார். அதன்பின் அந்த மேசையில் சந்தேகம் பற்றிய பேச்சு எழவே இல்லை.

அவர்கள் இருவரும் வேலையில் இறங்கினார்கள். நான் வாடிக்கையாளர்களை அழைக்க ஆரம்பித்தேன். பிரகாஷிடமிருந்து குறுஞ்செய்தி ஒன்று வந்திருந்தது: யாராவது கேட்டால் பராமரிப்பு வேலை என்று சொல்லுங்கள். இந்த வார்த்தையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இனியும் கேட்பீர்கள். பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாத வார்த்தை. நான் முதலில் ஒரத்தநாட்டுக்குப் போட்டேன்.

குணசேகரனின் குரலுக்குப் பின்னால் சந்தை இரைச்சல். "மேடம், வாசல் முழுக்க ஆளு நிக்கிறாங்க. சீக்கிரம் சொல்லுங்க."

"சார், உங்க மெயிலுக்குள்ள வெளி ஆளு ஒருத்தன் பூந்துட்டான். நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல. தப்பு எங்க சாஃப்ட்வேர்ல. உங்களுக்கு வர்ற ஒவ்வொரு மெயிலும் அவனுக்கும் ஒரு காப்பி போயிருக்கு."

 அவர் யாரிடமோ "கொஞ்சம் இருங்கய்யா" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போயிருக்க வேண்டும். கதவு சாத்தும் சத்தம் வந்தது.

"எங்க ஆளுங்க பாஸ்புக்கு, ஆதாரு?"

"போயிருக்கு சார். எவ்வளவுன்னு இன்னும் தெரியல. தெரிஞ்சதும் சொல்றேன். மறைக்கமாட்டேன்."

"மேடம், இந்த ஜனங்க பேங்குல கணக்கு ஆரம்பிக்கவே பயந்தவங்க. நான்தான் வீடு வீடாப் போயி சேத்தேன். இவங்ககிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

"நான் வந்து சொல்றேன். இன்னைக்கு உங்களுக்கு வேலை நடக்கணும். மெயில நிறுத்தல. ஆனா பாக்க நல்லா இருக்காது, வெறும் எழுத்து மட்டும் வரும். எல்லாரையும் ஒரு தடவ வெளிய தள்ளிடுவோம், திரும்ப உள்ள வாங்க. உங்க பேங்க் மேனேஜருக்கு இப்பவே ஒரு போன் போட்டு, உறுப்பினர் கணக்குகள்ல ஏதாவது வித்தியாசமா வந்தா நிறுத்தி வைக்கச் சொல்லுங்க."

"செய்ங்க" என்றார். நன்றியும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை.

இப்படியே ஒவ்வொருவருக்கும். சிலர் கத்தினார்கள். மன்னார்குடிக் கடைக்காரர் சிரித்துவிட்டு, "நம்ம மெயில்ல என்னம்மா இருக்கு, நெல்லு வெலதானே?" என்றார். மதியத்துக்கு முன்பே ரியாஸ் தயார் என்றார். நான் சரி என்றேன். எல்லாக் கணக்குகளிலும் உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். அந்த முகவரிக்குத் திருப்பி விட்டிருந்த ஏற்பாட்டை ஒவ்வொரு கணக்கிலும் ஆதாரத்துக்கு நகல் எடுத்து வைத்துக்கொண்டு அழித்தோம். டெல்டா முழுக்க எங்கள் மின்னஞ்சல் தந்தி மாதிரி ஆனது.

எல்லாம் முடிந்தது என்று மூச்சு விட்ட நேரத்தில் குணசேகரன் அழைத்தார்.

"மேடம், ஒப்புகை வருது. தொறந்தா ஒண்ணுமே இல்ல. வெறும் வெள்ளை. பதிவாயிடுச்சா இல்லையான்னு தெரியாம இவங்கள எப்படி வீட்டுக்கு அனுப்புறது?"

காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புகை முழுக்க அலங்காரத்தோடுதான் எழுதப்பட்டிருந்தது. வெறும் எழுத்தாக ஒரு வரிகூட அதில் தனியாக வைக்கவில்லை. நாங்கள் அலங்காரத்தைத் தூக்கியதும் அதோடு வார்த்தைகளும் போய்விட்டன. அதற்குள் மற்ற ஊர்களிலிருந்தும் அழைப்புகள். வரவேற்பில் இருந்த பெண் இரண்டு காதிலும் தொலைபேசியை வைத்துக்கொண்டு நின்றாள்.

பிரகாஷின் அழைப்பும் அப்போதுதான் வந்தது. யாரோ அவரிடம் நேராகச் சொல்லியிருக்கிறார்கள். பின்னால் பந்திச் சத்தம்.

"அக்கா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? ஒரு மெயிலும் தெரியலையாம். உடனே பழையபடி போடுங்க. சாயங்காலம் கெடு முடிஞ்சதும் வேணா மாத்திக்கலாம்."

சபலம் எனக்கும் இருந்தது. சில மணி நேரம்தானே என்று மனசு சொன்னது. ஆனால் அந்தச் சில மணி நேரத்தில்தான் எல்லோரும் எல்லாக் காகிதத்தையும் அனுப்புவார்கள், எல்லோரும் எல்லா மின்னஞ்சலையும் திறப்பார்கள். அனுப்பியவனும் இந்த நாளுக்குத்தானே காத்திருந்தான்?

"நான் போடமாட்டேன் பிரகாஷ்."

"என்னக்கா?"

"போடமாட்டேன். கம்பெனி உங்களோடது. வேற யாரையாவது வெச்சுப் போடச் சொல்றதுன்னா சொல்லுங்க. சர்வர் பாஸ்வேர்டு ரியாஸ்கிட்ட இருக்கு. போன ஸ்பீக்கர்ல போடுறேன், அவர்கிட்டயே பேசுங்க."

கைபேசியை மேசையில் வைத்தேன். ரியாஸ் விசைப்பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை. அவருக்கு வீட்டில் கைக்குழந்தை. மனைவி வேலைக்குப் போகவில்லை. நான் ஓய்வு பெற அதிக காலம் இல்லை, வீட்டுக்கு அனுப்பினாலும் சமாளித்துக்கொள்வேன். அவருக்கு அப்படி இல்லை. அவரைப் போய் இதில் இழுத்துவிட்டோமே என்று வாயைத் திறக்கப் போனேன்.

"சார், நானும் போடமாட்டேன்" என்றார் ரியாஸ், திரையைப் பார்த்தபடியே. "அலங்காரத்துக்குள்ள இருக்கிற வார்த்தைய மட்டும் உருவி எடுத்துக் காட்டுற மாதிரி எழுதிக்கிட்டிருக்கேன். கொஞ்சம் பொறுங்க சார்."

அந்தப் பக்கம் யாரோ "மாப்பிள்ளை, பாயசம்" என்று கூப்பிட்டார்கள். பிரகாஷ் போனை வைத்துவிட்டார்.

எழுதிக்கொண்டிருந்த ரியாஸின் தோளுக்கு மேல் நான் எட்டிப் பார்க்கவில்லை. 'ஆச்சா, ஆச்சா' என்று கேட்கவும் இல்லை. இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கடியில் எழுதுகிறவருக்கும் கத்துகிறவர்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க வேண்டும். அன்று அந்த ஆள் நான். ஒவ்வொரு அழைப்பையும் நானே எடுத்து, தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். இளவரசி ரியாஸ் எழுதும் ஒவ்வொரு துண்டையும் சோதனைக் கணக்கில் தாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருமுறை பெட்டி வந்தது. ரியாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினார். பிறகு அவள் என்ன அனுப்பியும் வரவில்லை.

சேவையில் ஏற்றினோம். குணசேகரனை ஸ்பீக்கரில் அழைத்துத் திறக்கச் சொன்னேன்.

"வருது மேடம்!" என்றார். பிறகு சத்தமாக, எனக்கல்ல, வாசலில் இருந்தவர்களுக்கு: "பக்கிரிசாமி, உன்னது ஆயிடுச்சுய்யா. வீட்டுக்குப் போ."

இளவரசி நிமிர்ந்தாள். "அது எங்கப்பாங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே மடிக்கணினிக்குத் திரும்பிவிட்டாள்.

மாலையில் பிரகாஷ் வந்து சேர்ந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. கெடு முடிந்திருந்தது. எல்லா இடங்களிலும் பதிவு நடந்துவிட்டது. அவர் நேராக என் மேசைக்கு வரவில்லை. ரியாஸின் திரை முன்னால் நின்று, திருப்பி விடப்பட்ட கணக்குகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பலரை அவர்தான் நேரில் போய்ச் சேர்த்தவர். படிக்கப் படிக்க அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. பிறகு இளவரசியைப் பார்த்தார்.

"நீங்கதானா?"

"நான்தான் சார்." எழுந்து நின்றாள். "நீங்க எனக்கு அனுப்புன பதிலத் திரும்ப வாங்கிக்கணும். வாயால சொன்னா போதாது. எழுத்துல வேணும். நாளைக்கு எங்க ஆபீஸ்ல யாராவது அதக் காட்டுனா என் வேலை போயிடும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை. அது அவர் எழுதியது, அவரே எழுத வேண்டியது. வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்து, யாரையும் கேட்காமல் அவரே தட்டச்சு செய்தார். அனுப்பியதும் அவள் கைபேசி சிணுங்கியது. நின்றுகொண்டே முழுக்கப் படித்தாள். தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டாள். "வடிகட்டிய புதுசா எழுதுங்க" என்று ரியாஸிடம் சொன்னாள். "எதத் தடுக்கிறதுன்னு லிஸ்ட் போட்டா முடியவே முடியாது. எத விடுறதுன்னு போடுங்க." மறுநாளே ரியாஸ் அப்படித்தான் ஆரம்பித்தார். முடிக்கும்வரை டெல்டா எங்களை வெறும் எழுத்தில்தான் படித்தது.

மருத்துவமனைக்காரர்கள் வந்தார்கள், வெறும் எழுத்து மட்டும் இருந்த திரையைப் பார்த்தார்கள், சேராமலே போய்விட்டார்கள். சைபர் கிரைம் போலீசிடம் எல்லாவற்றையும் கொடுத்தோம். அந்த முகவரிக்குப் பின்னால் இருந்தவன் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. சில நாள் கழித்து ஒரத்தநாட்டு உறுப்பினர் ஒருவர் கணக்கிலிருந்து பணம் எடுக்க யாரோ முயன்றபோது, முன்பே விவரம் தெரிந்திருந்த வங்கி தடுத்து நிறுத்தியது. 'பராமரிப்பு வேலை' என்று சொல்லியிருந்தால் அந்த வங்கிக்கு எதுவும் தெரிந்திருக்காது.

குணசேகரனுக்குக் கொடுத்த வாக்குப்படி ஒரத்தநாட்டுக்குப் போனேன். பிரகாஷும் வந்தார், தானாகவே. நெல் மூட்டைகள் அடுக்கிய கிடங்கில் உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்ன நடந்தது என்று சொன்னேன். ஒரு அம்மா எழுந்து, "என் ஆதாரு இப்ப யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டார். "தெரியாதுங்க" என்றேன். அதைவிடக் கஷ்டமான பதிலை நான் இந்த வேலையில் சொன்னதில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார். பக்கிரிசாமி கடைசி வரிசையில் இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது மட்டும், "எம்பொண்ணப் போலீசுல புடிச்சுக் கொடுக்கப் போனீங்களாமே" என்றார். பிரகாஷ் தலைகுனிந்து, "தப்புங்கய்யா" என்றார்.

அவர்கள் எங்களை விட்டுப் போக முடிவு செய்தார்கள். குணசேகரன் இதைத் தொலைபேசியில் சொல்லாமல் தஞ்சாவூருக்கே வந்து சொன்னார்.

"நீங்க உண்மையச் சொன்னீங்க மேடம். அதுக்கு என்னைக்கும் நன்றி. ஆனா ஜனங்க மனசுல விழுந்துடுச்சு. இனிமே இங்க இருக்க முடியாது."

உண்மையைச் சொன்னால் வாடிக்கையாளர் தங்குவார் என்று உங்களுக்கு யாராவது வகுப்பெடுத்தால் நம்பாதீர்கள். சில சமயம் தங்குவார். சில சமயம் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போவார். இரண்டுக்கும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர்களுடைய ஒவ்வொரு மின்னஞ்சலையும் ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னேன். ரியாஸ் தானே உட்கார்ந்து செய்தார்.

படியிறங்கும்போது குணசேகரன் நின்றார். "புதுசா போற எடத்துல என்ன கேக்கணும் மேடம்? எல்லாரும் எங்களோடது பத்திரம்னுதான் சொல்லுவாங்க."

"உங்க சாஃப்ட்வேர்ல ஓட்டை இருக்குன்னு முன்ன பின்ன தெரியாதவங்க ஒருத்தவங்க வந்து சொன்னா என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க சார். அவ்வளவு போதும்."

பிறகு ஒருநாள் அவரே போன் செய்து சொன்னார். முதலில் போன இடத்தில், "எங்களோடதுல ஓட்டையே கிடையாது சார்" என்று சிரித்தார்களாம். அடுத்த இடத்தில் இருந்த பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உக்கார வெச்சு, காட்டுங்கன்னு சொல்லுவோம்" என்றாளாம்.

அங்கேயே சேர்ந்துவிட்டார்கள்.